ஊர்க் கடையும் ஆலையின் கடனும்

உள்ளூர்க் கடையில் வாங்குவது நல்லது என்பதை யாரும் மறுப்பதில்லை. ஆனால் அது எல்லோருக்கும் ஒரே அளவான கடமையா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றை ஒட்டி நீள்கிறது சிப்காட் தொழிற்பேட்டை. குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்கள் ரசாயன ஆலைகளின் நாற்றத்தைப் பல ஆண்டுகளாகச் சுவாசித்து வருபவை. இங்குள்ள மளிகைக் கடைகளை நம்பியிருப்போரில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் உண்டு. கூலி தள்ளிப்போனால் கடைக்காரர் முகம் பார்த்து அரிசி கொடுத்து, நோட்டில் எழுதிக்கொள்வார். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் மாவட்டத்தைப் புரட்டிப்போட்டு, மின்சாரம் அற்றுப்போன நாட்களில், மெழுகுவத்திக்கும் தீப்பெட்டிக்கும் நடந்து போகக்கூடிய தூரத்தில் இருந்தவை இத்தகைய கடைகளே.

அதற்காக, பத்து ரூபாய் மிச்சம் பார்த்துப் பேரங்காடிக்குப் போகும் தொழிலாளியைக் குறை சொல்லலாமா? கூடாது. அந்தப் பத்து ரூபாய் அவர் பிள்ளையின் பால் காசு. இல்லாதவரிடம் ஊர்ப்பற்றைக் கேட்டு வாங்குவது அறமாகாது.

கேட்க வேண்டிய இடம் ஆலை வாசல். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் தம் சராசரி லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்கிறது. கொள்முதலுக்கு அந்தச் சட்டத்தில் அப்படியொரு விதி இல்லை. எனவே பள்ளிக்கு பெஞ்சு வாங்கித் தந்து பெயர்ப் பலகை வைக்கும் நிறுவனம், உணவகத்துக்கான அரிசி, காய்கறி முதல் கையுறை, துடைப்பம் வரை எல்லாவற்றையும் வெளியூரில் வாங்கினாலும் சட்டப்படி தப்பில்லை. அறப்படி தப்பு. ஊரின் நீரையும் காற்றையும் எடுத்துக்கொள்பவர், ஊருக்கு வியாபாரத்தையாவது தர வேண்டும். தானம் ஆண்டுக்கொருமுறை வரும். கொள்முதல் மாதந்தோறும் அடுப்பெரிக்கும். பணத்தை இழுத்தடிக்காமல் தருவதும் அதில் சேர்த்தி. ஆனால் கடையில் வாங்கிவிட்டதால் ஆற்றில் விட்ட கழிவு கணக்கில் கழிந்துவிடாது.

கடைக்காரருக்கும் கடமை உண்டு: சரியான எடை, ரசீது, காலாவதியாகாத சரக்கு. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழகத்தில் சட்டமே வந்துவிட்டது. நாள் முழுக்க பெண் ஊழியரை நிற்க வைக்கும் கடை ‘நம்மூர்க் கடை’ என்று சலுகை கேட்க முடியாது. ‘நம்மூர்’ என்ற சொல், சாதி பார்த்தும் மதம் பார்த்தும் ஒருவர் கடையை ஒதுக்கும் சாக்காகவும் மாறக்கூடாது.

சுமையை வலுவுக்கேற்பப் பிரிப்பதே நியாயம். தொழிலாளி முடிந்தபோது வாங்கட்டும். ஆலை முதலில் வாங்கட்டும்.