இடம் விட்டு வாசிப்பவர்கள்

பெரிய குழு ஒன்றைக் கேட்கும்போது, யார் வாசிக்கிறார்கள் என்பதைவிட யார் அந்த நேரத்தில் சும்மா இருக்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. சில்க்ரோட் குழுவைக் கேட்கத் தொடங்கிய பிறகு வந்த வழக்கம் இது.

*

அந்தக் குழு பிறந்த திட்டத்தைச் செல்லோக் கலைஞர் யோ-யோ மா 1998இல் தொடங்கினார். சீனப் பெற்றோருக்குப் பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர் அவர். 2000ஆம் ஆண்டுக் கோடையில் மாசசூசெட்ஸ் மாநிலத்து டேங்கிள்வுட்டில், பழைய பட்டு வணிகப் பாதையை ஒட்டிய நாடுகளிலிருந்து இசைக்கலைஞர்கள் வந்து கூடினார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. தாளில் எழுதிய ஸ்வரத்தைப் பார்த்து வாசித்துப் பழகியவர்கள் ஒரு பக்கம், குருவின் வாயிலிருந்தும் கையிலிருந்தும் பிடித்துக்கொண்டவர்கள் இன்னொரு பக்கம். குழுவின் பேர் என்னவோ நாட்டுப்புற இசையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. அங்கே வந்தவர்களில் பலர் கடுமையான செவ்வியல் பயிற்சி பெற்றவர்கள். இந்தியாவிலிருந்து சேர்ந்த சந்தீப் தாஸ், பனாரஸ் கிஷன் மகராஜிடம் தபலா கற்றவர். ஆகவே ‘எளிய மக்களின் இசை’ என்று உருகுவதற்கு இதில் அதிகம் இல்லை.

*

ஈரானியக் கமான்ச்சேயைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். மரக்கிண்ணம் போன்ற உடல், அதன் முகத்தில் மெல்லிய தோல், அடியில் ஒரு கம்பி முனை. அந்த முனையைத் தொடையில் ஊன்றிக்கொள்கிறார்கள். வயலின்காரர் ஒரு தந்தியிலிருந்து இன்னொன்றுக்குப் போக வில்லைச் சாய்ப்பார். இங்கே வில் ஏறக்குறைய ஒரே தளத்தில் போய் வருகிறது. வாத்தியம்தான் முனையின் மேல் திரும்பித் தன் தந்தியை வில்லுக்குக் காட்டுகிறது. வில்லின் முடியும் இறுக்கமாக இருக்காது. வாசிப்பவர் வலக்கை விரல்களால் அதை வேண்டிய அளவுக்கு இறுக்குகிறார், தளர்த்துகிறார். ஒரு ஸ்வரம் நடக்கும்போதே அதன் அழுத்தம் விரல் நுனியில் மாறுகிறது.

குழுவின் கமான்ச்சேக் கலைஞர் கைஹான் கல்ஹோர் வாசிக்கும்போது அந்தத் திரும்பல்கூடக் கண்ணுக்குத் தெரியாது. அவருடைய இசையில் நம் சுத்த ரிஷபத்துக்கும் சதுஸ்ருதி ரிஷபத்துக்கும் நடுவில் நிற்கிற இடங்கள் வருகின்றன. முதல் தடவை கேட்கிறவருக்கு அபஸ்வரமோ என்று தோன்றும். கொஞ்ச நேரம் பொறுத்தால் காது வழிக்கு வந்துவிடும். இதே குழுவின் வூ மான் மீட்டும் சீன பீப்பாவில் இன்று இருக்கும் மெட்டுகள் மேற்கத்திய அளவுக்கு ஒத்துவரும்படி 20ஆம் நூற்றாண்டில் மாற்றி அமைக்கப்பட்டவை. நடுவில் நிற்கும் அந்த ஸ்வரத்துக்கு அதில் மெட்டு கிடையாது. தந்தியை இழுத்துத்தான் எட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த ஸ்வரத்தைக் கல்ஹோருக்கே விட்டுவிட வேண்டும். விட்டுவிடுவது என்பது இந்த இசையில் ஒரு கைவேலை. வேகமான பிருகாவைவிட அதைச் செய்வது கடினம் என்றே நினைக்கிறேன்.

*

ஸ்பெயினின் வடமேற்கில் உள்ள கலீசியாவிலிருந்து கிறிஸ்டினா பாத்தோ கைத்தாவைக் கொண்டுவந்தார். பை வைத்து ஊதும் வாத்தியம். காற்றுப் பையை முழங்கையால் அழுத்த, ஒரு குழலில் பாட்டும் இன்னொன்றில் இடைவிடாத ஒரே ஸ்வரமும் வருகின்றன. நாகஸ்வரமும் ஒத்தும் ஒரே ஆளின் கைக்குள் அடங்கியது போல. அதை மெதுவாக வாசிக்க வழியில்லை. ஊதினால் முழுச் சத்தம், இல்லாவிட்டால் மௌனம். அருகில் மூங்கில் குழல் ஊதுகிறவர் என்ன செய்வார்? பாத்தோதான் காத்திருக்க வேண்டும். அவர் பியானோவும் கற்றவர். கைத்தாவைக் கீழே வைத்துவிட்டுப் பியானோவின் முன்னால் போய் உட்கார்ந்துகொள்ள முடிகிறது.

*

ஷெங். சீனத்து வாய் ஆர்கன். ஒரு கிண்ணத்தில் வட்டமாகச் செருகிய மூங்கில் குழல்கள், ஒவ்வொன்றின் அடியிலும் சிறிய உலோக நாக்கு. மூச்சை விட்டாலும் ஒலிக்கும், இழுத்தாலும் ஒலிக்கும். எனவே இசை மூச்சுக்காக நிற்பதில்லை. குழுவில் அதை வாசிப்பவர் வூ தோங். இளமையில் ராக் குழுவில் பாடியவர்.

அந்த நாக்கின் கதை நீளமானது. ஷெங் 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியர்களின் கண்ணில் பட்டது. அங்கே அதே தத்துவத்தில் கருவிகள் செய்து பார்த்தார்கள். 1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது கப்பலேறி இந்தியாவுக்கு வந்து, காலால் மிதிப்பது கையால் தள்ளுவதாக மாறி, நம் நாடக மேடையில் பின்பாட்டுக்காரரின் மடிமுன் உட்கார்ந்தது. பஜனை மடத்துக்குள் போனது. கச்சேரிப் பாடகருக்குப் பின்னால் சுருதிப்பெட்டியாக நின்றது. கமகத்துக்கு வளையாத வாத்தியம் என்று 1940 முதல் 1971 வரை வானொலி அதை விலக்கியே வைத்திருந்தது. விலக்கியவர்கள் சொன்ன காரணத்தில் பிழையில்லை. ஆனாலும் அது போகவில்லை. இதில் யாரும் கலப்பிசைத் திட்டம் தீட்டவில்லை, உதவித்தொகை தரவில்லை. ஒரு துண்டுப் பித்தளை கண்டங்களைக் கடந்து ஊர்க் கோயிலின் மார்கழி விடியலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

*

இதைவிடப் பழைய பயணம் ஒன்றின் சாட்சியாக ஜப்பானின் நாரா நகரில் ஷோசோஇன் என்ற மரக் களஞ்சியம் இருக்கிறது. 756இல் ஷோமு பேரரசர் இறந்ததும் அவருடைய பொருள்களைப் பேரரசி தோதாய்ஜி கோயிலுக்குக் கொடுத்தார். அவற்றில் ஐந்து தந்தி பீவா ஒன்று. பீப்பாவுக்கு ஜப்பானிய உறவு. விரல்களோ மீட்டுகோலோ உராயும் இடத்தில், ஆமை ஓட்டின் மேல் முத்துச்சிப்பி பதித்து ஒரு படம்: ஒட்டகத்தில் ஒருவர் உட்கார்ந்து பீவா வாசிக்கிறார், மேலே மரமும் பறவைகளும். ஒட்டகமே இல்லாத நாட்டில் அந்த வாத்தியத்தை அத்தனை பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஐந்து தந்தி பீவாக்களில் இன்று உலகில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான்.

*

குறையும் சொல்ல வேண்டும். 2016இல் வந்த ‘சிங் மீ ஹோம்’ தொகுப்பில் விருந்தினர்கள் அதிகம். எல்லோருக்கும் வாய்ப்புத் தர வேண்டும் என்ற நல்லெண்ணம் சில பாட்டுகளை வழவழப்பாக்கிவிட்டது. யாரும் யாருக்கும் காத்திருப்பதாகத் தெரியவில்லை. அந்தத் தொகுப்புக்குத்தான் மறு ஆண்டு கிராமி விருதும் கிடைத்தது.

அதே தொகுப்பில் டமாஸ்கஸில் பிறந்த கினான் அஸ்மேயின் ‘வெட்டிங்’ இருக்கிறது. சிரியக் கிராமத்துக் கல்யாணத்தின் சந்தடியைக் கிளாரினெட்டில் எழுப்பும் உருப்படி அது. போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதைக் கேட்பது சங்கடமாக இருந்தது, நிறுத்தவும் மனம் வரவில்லை. 2017 ஜனவரியில் ஏழு நாட்டினருக்கு அமெரிக்கா பயணத் தடை போட்டபோது அஸ்மே கச்சேரிக்காக வெளிநாட்டில் இருந்தார். சிரியக் குடிமகன், வீடு நியூயார்க்கில். நீதிமன்றம் தடையை நிறுத்தி வைத்த பிறகுதான் திரும்பினார். அடுத்த சில நாள்களில் கிராமி அறிவிப்பு.

*

2020இல் ரியானன் கிடன்ஸ் குழுவின் கலை இயக்குநரானார். அவர் காலத்தில் கவனம் அமெரிக்காவின் ரயில் பாதைக்குத் திரும்பியது. தண்டவாளம் போட்ட சீனர், அயர்லாந்துக்காரர், கறுப்பினத்தார், அந்த நிலத்தை இழந்த பூர்வகுடிகள் ஆகியோரின் இசை. நல்ல திசை. பட்டைவிட இரும்பில் கதை கூடுதல்.

*

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் விருது பெற்ற தொகுப்பிலிருந்து தொடங்க வேண்டாம். இந்தக் குழுவுக்காகக் கல்ஹோர் எழுதிய, ஈரானின் நெய்ஷாபூர் இரவின் நீலத்தைப் பேராகக் கொண்ட உருப்படி முதல் இசைத்தட்டில் இருக்கிறது. மெல்லத் தொடங்கிப் பிறகு வேகம் பிடிக்கும். ஹெட்போன் வைத்து ஒரு தடவை கமான்ச்சேயை மட்டும் பின்தொடருங்கள். மறுதடவை மற்றவர்கள் எங்கெங்கே நிறுத்திக்கொள்கிறார்கள் என்று கேளுங்கள். இந்தக் குழு எழுதி வாங்கியவற்றில் நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான்.