சஷ்டி முடிஞ்ச ஏழாம் நாள்

 

தீபாவளி அமாவாசை முடிஞ்ச மறுநாள் பிரதமையில கந்த சஷ்டி விரதம் ஆரம்பிக்கும். அந்த ஆறு நாளும் நான் வேற ஆள். விடியறதுக்கு முன்னாடி குளியல், கவசம், பால் பழம், கோயிலுக்கு நடை. சூரசம்ஹாரம், திருக்கல்யாணம் பார்த்துட்டு வந்தா மறுநாளே பழைய ஆள்தான். ஒன்பது மணிக்கு எழுந்து நேரா லேப்டாப். 28 வயசுல சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குதுன்னு டாக்டர் சொன்ன பிறகுதான் இது உறைச்சது.

சரி, ஒரு மண்டலம் நடப்போம்னு முருகனை வேண்டிக்கிட்டு ஆரம்பிச்சேன். தினமும் ஆப்ல ஒரு டிக். 19ஆம் நாள் ராத்திரி முழுக்க ரிலீஸ் வேலை, காலையில எழ முடியல. ஆப்ல எண்ணிக்கை பூஜ்யம். விரதமே முறிஞ்சிடுச்சு, இனி எதுக்குன்னு 20ஆம் நாளும் நடக்கல. அப்புறம் மொத்தமா விட்டுட்டேன்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சு 12 வாரம் பழக்கங்களை ஆராய்ஞ்சது. 2010ல அச்சுல வந்த கட்டுரை. ஒரு செயல் தானா நடக்கிற அளவுக்குப் பழக ஆகும்னு அவங்க கணிச்ச நாள் ஆளுக்கு ஆள் மாறுச்சு: 18ல இருந்து 254 வரைக்கும். 21 நாள் கணக்கெல்லாம் சும்மா. நடுவுல ஒரு நாள் விட்டாலும் பெரிய பாதிப்பு இல்லையாம்.

படிச்சதும் அவ்வளவு நிம்மதி. ஆமத்தூர்ல பெரியம்மாகிட்ட சொன்னேன். தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆபீஸ் லீவு, திண்ணையில உக்காந்திருந்தாங்க. இருபது வருஷத்துக்கு மேல அந்த வேலை. வேலைக்குப் பருத்திச் சேலைதான். மருந்து அறைக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்ல இருக்கிற செம்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் போவாங்க, உடம்புல இருக்கிற நிலைமின்சாரம் மண்ணுக்கு இறங்கணுமே.

"அது உன் நடைக்குச் சொன்னது ராசா. நாங்க ஒரு நாள் விட்டா அம்புட்டுதான்"னாங்க. அப்புறம் என் பைக்கைப் பார்த்து, "கோயிலுக்குத்தானேன்னு ஹெல்மெட் போடாமத்தானே வந்த?"

பதில் இல்லை என்கிட்ட. எதைத் தவறவிட்டா திரும்பத் தொடங்கலாமோ அதை மருந்து அறை மாதிரி நினைச்சுக் கைவிட்டேன். எதைத் தவறவிடவே கூடாதோ, அதுக்கு "கோயில் பக்கத்துலதானே"ன்னு நானே சலுகை கொடுத்துக்கிட்டேன். சிவகாசி ரோட்டுல ஓடுற லாரிக்கு நான் எங்க போறேன்னு தெரியவா போகுது?

இன்னொண்ணும் உறுத்துச்சு. அந்த 18 நாளும் நான் நடந்தது முருகனுக்காகவா, அந்த எண்ணுக்காகவா? அவனுக்காகன்னா 20ஆம் நாள் எழுந்திருப்பேனே. நேர்த்திக்கடன்ல நாள் தவறினா தோஷம்னு சிலர் சொல்லலாம். எனக்கு அது ஒத்துவரல. திரும்பி வர்றவனை வாசல்ல நிறுத்திக் கணக்குக் கேக்குற சாமியா அவன்?

ஆப்பை அழிச்சுட்டேன். இந்த வாரம் நடை ரெண்டு நாள் விட்டுப்போச்சு, இன்னைக்குப் போனேன். பைக் சாவி மாட்டுற ஆணியில அதுக்கு மேல ஹெல்மெட்டை மாட்டி வச்சிருக்கேன். அதை எடுக்காம சாவியை எடுக்க முடியாது.