விற்பவன் அறிந்ததும் வாங்குபவன் அறியாததும்

அமெரிக்க நாட்டில், தந்தை இறந்தபின் வீட்டு அலுமாரியில் ஒரு பழைய வேட்டைத் துவக்கு எஞ்சிக் கிடப்பது புதுமையன்று. அதனை விற்க முற்படும் குடும்பத்தார் முதலிற் கேட்பது, என்ன விலை வரும் என்பதே. விலைக்கு முன் விடை காணவேண்டிய கேள்வி வேறொன்று உண்டு: இஃது எத்தகைய துவக்கு? அந்த விடை கிடைத்த மாத்திரத்தில், விற்பவன் மனச்சாட்சியின் முன் நிற்க நேரிடும் என்பதையே இங்கு நாம் எடுத்துக்கொள்கிறோம்.

இத்தகைய துவக்குகளுட் பல, பிறப்பால் வேட்டைத் துவக்குகள் அல்ல, போர்த் துவக்குகள். 1903ஆம் ஆண்டு மாதிரி ஸ்பிறிங்பீல்ட் அவற்றுட் பேர்போனது. இராணுவம் கழித்துவிட்டவற்றை மலிவாக வாங்கியோர், குழலை மூடியிருந்த நீண்ட மரத்தைக் குறைத்தனர். புதிய பிடி பொருத்தினர். தொலைநோக்கி பூட்டத் துளையிட்டனர். ஜனாதிபதியாக இருந்த தியடோர் றூஸ்வெல்ட்டும் வேட்டைக்கேற்ப அமைத்த ஒரு ஸ்பிறிங்பீல்டை 1909இல் ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றார். புகழ்பெற்ற பட்டறையின் பெயர் பொறித்திருந்தால் விலை ஏறும். பெயரறியா ஊர்க் கொல்லன் ஒருவன் எத்துணை நேர்த்தியாகச் செதுக்கியிருந்தாலும், வெட்டப்படாத இராணுவத் துவக்குக்குக் கொடுப்பதைச் சேகரிப்போர் அதற்குக் கொடார். உழைப்பைக் கூட்டியதால் விலை குறைகிறது! இவ்விந்தையும் ஆராயத்தக்கதே, எனினும் நமது கேள்வி அதுவன்று.

தோட்டா வெடிக்கும் விசையைத் தாங்குவது குழலின் பின்னுள்ள உருக்குக் கூடு. அதன்மேல் ஓர் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஸ்பிறிங்பீல்ட் ஆயுதசாலையில் 800,000க்கு உட்பட்ட எண்களும், றொக் ஐலண்ட் ஆயுதசாலையில் 285,507க்கு உட்பட்ட எண்களும் ஐயத்துக்குரியவை. அக்காலத்தில் உலையிலிருந்த உருக்கின் சூட்டைத் தொழிலாளி அதன் நிறத்தைக் கண்ணாற் பார்த்தே மதிப்பிட்டான். பின்னர் கருவி கொண்டு அளந்தபோது, மப்பு நாளிற் சரியென அக்கண் கண்ட சூட்டுக்கும், வெயில் நாளிற் சரியெனக் கண்ட சூட்டுக்கும் 300 பாகை பாரன்கைட் வரை வேறுபாடிருந்தது தெரியவந்தது. மிகைச் சூடேறிய உருக்கு நொறுங்கும் இயல்பு பெற்றது. குற்றம் தொழிலாளியின் கண்ணுடையதன்று. அளவுகருவி கொடாது வேலை வாங்கிய நிருவாகத்தினுடையது. 1918இல் முறை மாற்றப்பட்டது.

1917 முதல் 1929 வரை கூடு வெடித்துச் சிதறிய நிகழ்ச்சிகள் 68 என யூலியன் ஹட்சர் தமது நூலிற் பதிந்துள்ளார். எண்களோ 10 இலட்சத்துக்கு மேற்பட்டவை. 1927இல் ஆராய்ந்த குழு, இவற்றைச் சேவையிலிருந்து நீக்குமாறு கூறியது. அரசோ, பழுதுபார்க்கத் திரும்பி வருவனவற்றை மட்டும் கழித்துவிட்டு, ஏனையவற்றைச் சிப்பாய்களின் கையிலேயே விட்டது.

இனி விற்பவனிடம் வருவோம். பழைய கூட்டிற் பிற்காலத்துக் குழல் பூட்டியிருப்பதுண்டு. குழலின் முனையருகே அது செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் இருக்கும். "குழல் 1942ஆம் ஆண்டினது" என்று அவன் சொன்னால் அதிற் பொய்யில்லை. தொலைநோக்கியின் தாங்கி எண்ணை மறைத்திருக்குமாயின், வாங்குபவன் வேறெதையும் கேளான். ஓர் உண்மையைச் சொல்லி மற்றோர் உண்மையைப் புதைத்துவிடலாம்.

பழைய வழக்குத்தான் இது. கி.மு. 44இல் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூலில், நோய் விளைக்கும் வீட்டை விற்பவன் அக்குறையைச் சொல்லவேண்டுமா என்று இரு தத்துவஞானியர் வாதிடுகின்றனர். சட்டம் கேட்பதைச் சொன்னாற் போதும், சொல்லாதிருத்தல் வேறு, மறைத்தல் வேறு என்பது டயோஜெனிசின் கட்சி. மனிதர் யாவரும் ஒரே சமுதாயத்தினர். ஆகலின் ஒருவன் நலனுக்குரிய அறிவை மற்றொருவன் பூட்டிவைத்தல் தகாது என்பது அவர் மாணாக்கர் அந்திப்பாத்தரின் கட்சி. சிசரோ மாணாக்கரின் பக்கமே நின்றார். நாமும் அப்பக்கமே.

பத்து இலட்சத்தில் அறுபத்தெட்டு ஒரு பொருட்டா என்பாரும் உளர். அபாயம் சிறிதாயிருக்கலாம். ஆயினும் அதைச் சிறிதென்று தீர்மானிக்கும் உரிமை யாருக்குரியது? துவக்கின் பின்னே தன் கண்ணை வைப்பவனுக்கே அன்றி, காசை எண்ணி வாங்குபவனுக்கு அன்று. 1927இல் அரசு செய்ததும் இப்பிழையே. ஆபத்து ஒருவனது, கணக்கு மற்றொருவனது.

இதனினும் வலிய மறுப்பொன்று உண்டு. விற்பவள் வியாபாரியல்லள், வாடகைக்குக் காசு தேடும் கைம்பெண் என்று வைத்துக்கொள்வோம். எண்ணைச் சொன்னால் விலை விழும். உலையில் நேர்ந்த பிழைக்கு இவள் ஏன் தண்டம் இறுக்கவேண்டும்? நியாயமான கேள்விதான், அவளுக்கு இழைக்கப்படுவது அநீதியே. ஆனால் அவ்வநீதியை முன்பின் அறியாத வேட்டைக்காரனின் கண்ணுக்கு மாற்றிவிடுவதால், அதைச் செய்தவர் ஒருவரும் அதற்கு விடையிறுக்கப் போவதில்லை.

அவளுக்கு ஒரு வழி எஞ்சியுள்ளது. குழலும், பிடியும், தொலைநோக்கியும் தனித்தனியே விலைபோகும். கொல்லன் அவற்றைக் கழற்றிக் கொடுப்பான். கூடு மட்டும் எண்ணுடன் அலுமாரிக்குத் திரும்பும்.