எல்சாவை வளர்த்தது சரியா?

1956 பிப்ரவரியில் கென்யாவின் வடக்குப் பகுதியில் ஆட்கொல்லிச் சிங்கம் ஒன்றைத் தேடிப் போன வனவிலங்கு அதிகாரி ஜார்ஜ் ஆடம்சன் மீது ஒரு பெண் சிங்கம் பாய்ந்தது. சுட்டுவிட்டார். அது பாய்ந்த காரணம் பிறகுதான் தெரிந்தது: பாறை இடுக்கில், பிறந்து சில நாட்களே ஆன மூன்று பெண் குட்டிகள்.

ஜார்ஜ் இந்தியாவில் பிறந்தவர். அவர் மனைவி ஜாய் ஆஸ்திரியாவிலிருந்து 1937இல் கென்யா வந்து, அங்குள்ள செடிகளையும் பல இன மக்களையும் ஓவியமாக வரைந்தே அந்த மண்ணில் காலூன்றியவர். குட்டிகள் இரண்டு நாள் பாலைத் தொடவில்லை. புட்டிப்பால் கொடுக்க ரப்பர் காம்புகூட வீட்டில் இல்லை. வானொலிப் பெட்டியின் ரப்பர் குழாயைக் கழற்றிப் பால் புகட்டினார்கள்.

தாய் தானாகச் செத்திருந்தால், காட்டின் போக்கு என்று ஒதுங்கி நிற்பதற்கு நியாயம் உண்டு. இங்கே அநாதையாக்கியது மனிதரின் துப்பாக்கி. அந்தக் குட்டிகளை வளர்த்தது கருணை மட்டுமல்ல, கடன். ஆனால் கடன் மூன்று குட்டிகளுக்கும் ஒன்றுதானே? இரண்டு ராட்டர்டாம் விலங்குக் காட்சிச்சாலைக்குப் போயின. மூன்றிலும் சின்னதான எல்சா மட்டும் ஜாயின் கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு அவருடன் வளர்ந்தது. யாருக்குக் காடு, யாருக்குக் கூண்டு என்று தீர்மானித்தது பாசம். பாசம் நீதி பார்ப்பதில்லை.

அதற்குப் பிறகு அவர்கள் செய்தது அரிய காரியம். எல்சாவையும் கூண்டுக்கு அனுப்புவது எளிது. மடியிலேயே வைத்துக்கொள்வது அதைவிட இனிது. இரண்டையும் விட்டுவிட்டு அதற்கு வேட்டை பழக்கினார்கள். மாசாய் மாராவில் முதல் முயற்சி தோற்றது. மேரு பகுதியில் வென்றது. காட்டுச் சிங்கத்தோடு கூடி, 1959 டிசம்பரில் எல்சா மூன்று குட்டிகளை ஈன்றது. தான் தேவைப்படாத நாளுக்காகவே ஒருவர் பாடுபடுவது அன்பின் கடினமான வடிவம். ஜாய் அதைச் செய்து காட்டினார்.

சிக்கல் காட்டின் ஓரத்தில் இருந்தது. 1961 ஜனவரியில் உண்ணி பரப்பும் நோயால் எல்சா இறந்தது. சரியாக வேட்டையாடத் தெரியாத குட்டிகள் ஊருக்குள் புகுந்து ஆடுகளை அடித்தன. ஜெஸ்பா என்ற குட்டியின் உடம்பில் அம்பு முனை தைத்தது. அம்பு எய்தவரைக் குறை சொல்ல முடியுமா? ஆடுதான் அந்தக் குடும்பத்தின் பாலும் சேமிப்பும். கடைசியில் குட்டிகள் செரங்கெட்டிக்குக் கொண்டுபோகப்பட்டன.

பிரிட்டிஷார் ஆண்ட காலம் அது. ஓர் அதிகாரியின் குடும்பம் சிங்கம் வளர்க்கலாமா என்று பக்கத்து ஊரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். புலம்பெயர்ந்து வந்தவருக்கு ஒரு குட்டி விலங்கு துணையாகலாம், புதிய மண்ணோடு உறவும் ஆகலாம். அந்த உறவின் விலையில் ஒரு பங்கைத் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்பவர் கொடுக்க நேர்ந்தால், அவரைக் கேட்காமல் செய்வது தவறு.

எல்சாவின் கதை 1966இல் திரைப்படமானது. அதில் நடித்த 'பாய்' என்ற சிங்கத்தையும் ஜார்ஜ் பிறகு காட்டுக்குப் பழக்கினார். 1971இல் அது அவருடைய ஆப்பிரிக்க உதவியாளரைக் கொன்றது. ஜார்ஜே அதைச் சுட்டார். குட்டிகளை எடுத்து வளர்த்தது சரியே என்று சொல்பவர்கள் அந்த உதவியாளரின் குடும்பத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.