மைத்திரியும் அதன் அண்டைப் பகையும்



அம்பு பட்டு வீழ்ந்த பறவையைச் சித்தார்த்த குமாரர் எடுத்துக் காத்த வரலாறு நம் இல்லத்துச் சிறுவரும் அறிந்ததே. அது எய்தவனுக்கு உரியதா, காத்தவருக்கு உரியதா என்னும் வழக்கைச் சொல்லி, காத்தவருக்கே என்ற தீர்ப்போடு நாம் கதையை முடித்துவிடுகிறோம். உரிமை பெற்றவர் அப்பறவையைப் பின்னர் என்ன செய்தல் தகும்? கூண்டிலிட்டுக் கொஞ்சுவதா? இன்று எடுத்துக்கொண்ட பொருள் இவ்வினாவே.

அருணாசலப் பிரதேசத்தில் பாக்கே என்னும் புலிகள் காப்பகம் உண்டு. தாயிழந்த ஆசியக் கறுங்கரடிக் குட்டிகளை வளர்த்துக் காட்டுக்கே திருப்பி அனுப்புவதற்காக, 2002ஆம் ஆண்டில் ஒரு நிலையம் அங்கு நிறுவப்பட்டது. அக்குட்டிகள் பெரும்பாலும் வேட்டையால் தாயை இழந்தவை. மனிதன் கெடுத்ததை மனிதனே திருத்த முற்படும் வேலை இது. ஆதலால் இதில் பெருமை பாராட்ட ஒன்றுமில்லை. கடன் தீர்த்தல் என்றே கொள்க.

முதலில் புட்டிப்பால், பிறகு கஞ்சி. இதுவரை எவரும் செய்யக்கூடியதே. குட்டி மடியில் ஏறும், விரலைச் சப்பும், ஆளைக் காணாவிடில் கதறும். இந்நிலையில் அதனிடம் அன்பு கொள்ளாதவன் கல்நெஞ்சன். அருமையான பகுதி இதன்பின்னரே தொடங்குகிறது. காப்பாளர் ஓரிருவர் தவிர வேறெவரும் குட்டியை அணுகலாகாது. அவர்கள் அதனை நாள்தோறும் காட்டினுள் நடத்திச் செல்கின்றனர். முன்னே சென்று கற்பிப்பதற்கன்று. குட்டி மரமேறும்போதும், உளுத்த கட்டையைப் பிளந்து புழு தேடும்போதும், காட்டுப் பழத்தை மோந்து பார்க்கும்போதும் அருகே வாளாவிருப்பதற்கே. வயிற்றை நிரப்பும் கஞ்சி சிறிது சிறிதாகக் குறைகிறது. பின்னர் இரவுகளும் காட்டிலேயே கழிகின்றன. காப்பாளர் பரணில் படுக்கின்றனர். குட்டி தன் போக்கில் திரிகிறது. கொஞ்சல் நின்றுவிடுகிறது. குட்டி ஓடிவந்து காலைக் கட்டும்போது குனிந்து தடவாமல் நிற்க வேண்டும். ஏன் இக்கடுமை? மனிதரைக் கண்டு அஞ்சாத கரடி மனிதராலேயே மாளும். தன்னை நம்பிய உயிருக்குத் தன்னினத்தை நம்பாதே என்று கற்பிக்கும் பணி இது. எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

தாய்க்கரடியும் குட்டி வளர்ந்தபின் அதனை விலக்கிவிடுகிறது அன்றோ!

மைத்திரிக்கு இரு பகைகள் உண்டு என்று விசுத்திமார்க்கத்தில் புத்தகோசர் விளக்குகிறார். வெறுப்பு தொலைவிலுள்ள பகை. அதை எளிதில் அடையாளம் காணலாம். பற்றோ அண்டையிலுள்ள பகை. அதுவும் பிறரிடத்து நன்மையையே காண்பதால் மைத்திரியின் சாயலோடு உள்ளே நுழைந்துவிடும். 'என் குட்டி' என்று நா கூறும் கணத்தில் அது நுழைந்துவிட்டது. உபேட்சைக்கும் அப்படியே அண்டைப் பகை ஒன்றுண்டு. அறியாமையால் வரும் அசட்டை அது. பால் குடி மறவாத குட்டியைக் காட்டில் எறிந்துவிட்டு, 'விட்டுவிட்டேன், பற்றற்றவன் நான்' என்பது அசட்டையே. புண்ணியம் கருதிச் சந்தையில் பறவை வாங்கிப் பறக்கவிடுவாரும் இவ்வகையினரே. அவர் விடுவிப்பதற்கென்றே வேடன் மறுநாளும் வலை விரிக்கிறான். நம் நாட்டுக் காட்டுப் பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் அவர் எண்ணுவதில்லை.

'மனிதக் குழந்தைக்கே பாலில்லாத நாட்டில் கரடிக்குப் பாலா?' என்று உங்களுள் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. நான் அதனைத் தள்ளவில்லை. ஆயினும் ஒன்று கேட்கிறேன். நம் முன்னோருக்குச் சோறிட்டவர் இல்லாமற் போகவில்லை. புறவாசலில் நிறுத்தி, கூழை மேலிருந்து வார்த்து, 'எங்கள் ஆள்' என்று பரிவோடும் சொன்னார்கள். அப்பரிவில் பொய் இருந்தது என்றுகூட நான் சொல்லமாட்டேன். ஆனால் எழுத்தறிந்து, தன் காலில் நின்று, அவ்வாசலை விட்டு வெளியேறியவனைக் கண்டு அப்பரிவு மகிழ்ந்ததா? சினந்தது. பிறரது தயவில் வளர்தல் எத்தகையது என்று அறிந்த நமக்கு, அக்கஞ்சி குறைக்கப்படுவதன் பொருள் பிறரினும் நன்கு விளங்க வேண்டும்.

இம்முயற்சி எப்போதும் வெல்வதில்லை. சில குட்டிகள் மனிதரைத் தேடித் திரும்பி வந்துவிடுகின்றன. அவை கூண்டிலேயே ஆயுளைக் கழிக்க நேர்கிறது. சில காட்டில் இறக்கின்றன. அசாமில் காசிரங்காவை அடுத்த நிலையத்தில் வளர்ந்த தாயற்ற காண்டாமிருகக் கன்றுகளை 2006ஆம் ஆண்டு முதல் மானஸ் காட்டில் விடலாயினர். கள்ள வேட்டையால் அவ்வினமே அற்றுப்போயிருந்த காடு அது. அவற்றுள் பெண் விலங்குகள் பின்னாளில் அங்கேயே கன்று ஈன்றன. அவற்றைப் புட்டிப்பால் ஊட்டி வளர்த்தவர் அக்கன்றுகளைத் தொட்டதில்லை.

பாக்கேயில் விடப்படும் கரடிக்கு ஒலியலை பரப்பும் கழுத்துப்பட்டை கட்டுகின்றனர். காப்பாளர் கருவியைக் கையிலேந்தி அவ்வொலியைத் தேடி நடப்பர். ஒலி கிடைத்தால் உயிரோடுள்ளது என்று குறித்துக்கொண்டு, கரடியின் கண்ணிற் படாமலே திரும்பிவிடுவர்.