உடம்பு சரியில்லன்னு அடிக்கடி லீவு போடற பையன்: கடைக்கார அண்ணனுக்கு முருகன் காட்டும் நியாயம்

 

நம்ம குழுவில் இருக்கும் ஒரு அண்ணன் ஆதம்பாக்கத்தில் சின்னதா டூவீலர் சர்வீஸ் கடை வச்சிருக்கார். அவரையும் சேர்த்து மூணே பேர். அதில் ஒருத்தன் தொழில் கத்துக்க வந்த பத்தொன்பது வயசுப் பையன். போன கிருத்திகை அன்னிக்கு அண்ணன் கேட்டார்: "தம்பி, பையன் நல்லவன்தான். ஆனா மாசத்துக்கு நாலு நாள், அஞ்சு நாள் உடம்பு சரியில்லன்னு நின்னுடறான். ஒருநாள் தலைவலி, ஒருநாள் வாந்தி. வேலை எல்லாம் இன்னொரு மெக்கானிக் தலையில விழுது. நிறுத்தினா பாவமா? வச்சிருந்தா நான் ஏமாளியா?"

"முருகன் பாத்துப்பார்" என்று சொல்லிட்டு நகர்ந்துடலாம். ஆனா ஒரு பையனோட பிழைப்பும் ஒரு சின்னக் கடையோட வருமானமும் இதில் இருக்கு. அதனால கொஞ்சம் நிதானமா யோசிப்போம்.

முதல்ல ஒரு தப்பான எண்ணத்தை எடுத்துடணும். அடிக்கடி நோய் வந்தா அவனுக்குப் பக்தி பத்தல, இல்லன்னா சோம்பேறி என்று சிலர் பேசறாங்க. பாம்பன் சுவாமிகளை நினைச்சுப் பாருங்க. 1891-லேயே சண்முக கவசம் பாடியவர். அவரே 1923 டிசம்பர் 27 அன்று சென்னை தம்புச்செட்டி தெருவில் குதிரை வண்டி மோதி, இடது கால் எலும்பு முறிஞ்சு அரசு பொது மருத்துவமனையில் படுத்திருந்தார். எழுபது வயசைத் தாண்டிய உடம்பு, குணமாகறது கஷ்டம்னு டாக்டர்களே நினைச்சாங்க. சீடர்கள் சண்முக கவசம் ஓதினாங்க. பதினோராம் நாள் இரவு மயில் வாகனக் காட்சி கிடைச்சது, கால் குணமாச்சு. அதைத்தான் மயூர வாகன சேவனம் என்று இன்னிக்கும் கொண்டாடறோம். நம்ம ஏரியாவுக்குப் பக்கத்துல திருவான்மியூர்ல அவர் சமாதிக்குப் போயிட்டு வர்றவங்க நம்மில் நிறைய பேர்.

இதில் கவனிக்க வேண்டியது ரெண்டு. கவசம் பாடியவருக்கே உடம்பு முடியாமப் போச்சு. அதனால நோயை வச்சு யாரோட பக்தியையும் அளக்காதீங்க. அடுத்தது, பாராயணம் நடந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுத்தித்தான். பிரார்த்தனையும் வைத்தியமும் ஒண்ணா நடந்தது. பையன்கிட்ட "கவசம் படி, சரியாயிடும்" என்று மட்டும் சொல்லி அனுப்பினா அது பாதி உதவிதான்.

சரி, நியாயத்துக்கு வருவோம். பிரம்மாவைச் சிறையில் வைக்கறதுக்கு முன்னாடி முருகன் என்ன செஞ்சார்? பிரணவத்துக்குப் பொருள் கேட்டார். பதில் வராத பிறகுதான் தண்டனை. அப்பா வந்து சொன்னதும் விடுவிச்சார். முதல்ல கேள்வி, அப்புறம் முடிவு, முடிவுக்கு அப்புறமும் மனசுல இடம். இந்த வரிசை மாறக்கூடாது அண்ணா.

அதனால முதல்ல கேளுங்க. கஸ்டமர் முன்னாடி வேண்டாம். கடை சாத்தின பிறகு, ஒரு டீ வாங்கிக் கொடுத்து, தனியா. "எப்போ வருது? டாக்டர் பார்த்தியா? வீட்ல ஏதாவது கஷ்டமா?" அவன் சொல்றதை வெளியே யார்கிட்டயும் சொல்லாதீங்க, நம்ம குழுவிலும் போடாதீங்க.

ரெண்டாவது, நோட்டு போடுங்க. நாங்க சாஃப்ட்வேர்ல ஒரு பிரச்சினை வந்தா யாரையும் குறை சொல்றதுக்கு முன்னாடி லாக் எடுத்துப் பார்ப்போம். அதே மாதிரி எந்தத் தேதி நின்னான், முந்தின நாள் என்ன வேலை செஞ்சான் என்று எழுதுங்க. மழைக்கு ஷட்டரை இறக்கிட்டு உள்ளேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி டியூன் பண்றீங்களா? புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. தலைவலி, வாந்தி, மயக்கம் எல்லாம் அதாலயே வரும், மூடின இடத்துல உயிருக்கே ஆபத்து. பெட்ரோல்ல கை கழுவற பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்க. நோய்க்குக் காரணம் நம்ம கடையாவே இருந்தா, பையனை நிறுத்தறது எப்படி நியாயமாகும்?

மூணாவது, டாக்டர்கிட்ட அனுப்புங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. பெரிசா பார்க்கணும்னா 2023-ல் திறந்த கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை இருக்கு. க்யூவில் நிக்கற அந்த அரை நாளுக்குச் சம்பளம் பிடிக்காதீங்க.

நாலாவது, எல்லாருக்கும் ஒரே விதி. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே கடை ஊழியருக்கு வருஷத்துக்கு 12 நாள் சம்பளத்தோட நோய் விடுப்பு சொல்லியிருக்கு. 1961 தொழிற்பழகுநர் சட்டப்படி பதிவான பையனா இருந்தா, அந்த நிறுவனத்துல நடைமுறையில இருக்கற லீவு அவனுக்கும் உண்டு. உங்க பையன் அப்படிப் பதிவாகாதவன்தான். ஆனாலும் அந்த அளவை நீங்களே விதியா வச்சுக்கலாமே? கூடவே, வரலன்னா காலை ஒன்பது மணிக்குள்ள போன் பண்ணணும்னு சொல்லிடுங்க. உடம்பு முடியாதது குத்தமில்ல. சொல்லாம நிக்கறது குத்தம். இந்த ரெண்டையும் பிரிச்சுட்டா, "பொய் சொல்றானோ" என்ற சந்தேகத்தோட தினமும் சண்டை போட வேண்டியதில்ல.

அந்த இன்னொரு மெக்கானிக்கை மறந்துடாதீங்க. கூடுதலா உழைக்கறவருக்குக் கூடுதலா கொடுக்கணும். ஒருத்தருக்குக் காட்டற கருணையை இன்னொருத்தர் முதுகுல ஏத்தினா அது கருணை இல்ல.

இவ்வளவும் செஞ்ச பிறகும் அந்த வேலை அவன் உடம்புக்கு ஒத்துக்கலன்னா? நேரா சொல்லுங்க. பில் போடறது, ஸ்பேர் பார்ட்ஸ் பார்த்துக்கறது மாதிரி வேற வேலை இருந்தா மாத்துங்க. தவறின நாளுக்குப் பயிற்சியை நீட்டிக் கொடுங்க. அதுவும் முடியலன்னா ரெண்டு மாசம் டைம் கொடுத்து, தெரிஞ்ச இடத்துல சொல்லிவிட்டு அனுப்புங்க. இப்படி அனுப்பறது பாவம் இல்ல அண்ணா. வாய் திறந்து கேட்காமலே ஒருநாள் கோபத்துல "நாளைலேர்ந்து வராதே" என்று சொல்றதுதான் பாவம்.

எதிர்த்து நின்ற சூரனுக்கே மயிலாவும் சேவலாவும் வேலை போட்டுக் கொடுத்த முதலாளி நம்ம முருகன். உடம்பு முடியாத பையனுக்கு ஒரு வழி காட்ட மாட்டாரா? அந்த வழி அண்ணன் கடை வழியா வரட்டும். வர்ற சஷ்டிக்குள்ள அந்தப் பேச்சைப் பேசிடுங்க.

கடை வச்சிருக்கற நண்பர்கள் யாராவது இருந்தா இதை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை. வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!