குருதியின் சாட்சியம்

"சேர், இரத்தம் பொய் சொல்லுமா?"

இராகலையில் எமது வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வி இது. தூரதேசமொன்றிற் குருதிச் சோதனையை நம்பி நாய்களைக் கொல்கிறார்கள் என்று அவள் எங்கோ படித்திருந்தாள். நாம் உடனே விடை கூறவில்லை.

அவள் படித்தது உண்மையே. காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலின் ஒட்டுண்ணியை லீஷ்மனும், சென்னையிற் பணிபுரிந்த டொனோவனும் 1903இல் தனித்தனியே உலகுக்கு அறிவித்தனர். இந்தியாவில் மணல் ஈ அதனை மனிதரிடமிருந்து மனிதருக்கே கொண்டு செல்கிறது. பிரேசிலிலோ, அதே குடும்பத்து வேறோர் ஒட்டுண்ணிக்கு நாயே உறைவிடம். ஆதலின், நாயின் குருதியிற் பிறபொருளெதிரி காணப்பட்டால் அதனைக் கொல்வது பல பத்தாண்டுகளாக அங்கு அரசின் நோய்த்தடுப்பு முறைகளுள் ஒன்றாயிற்று.

பிறபொருளெதிரி எதற்குச் சாட்சி? உடல் ஒரு பகைவனைச் சந்தித்தது என்பதற்கே. குட்டியிடம் காணப்படுவது தாய் ஈந்ததாகவும் இருக்கலாம். சாகாஸ் நோயின் ஒட்டுண்ணியும் சோதனையை ஏமாற்றக்கூடும். தொற்று மிகப் புதிதாயின், நோயிருந்தும் சோதனை 'இல்லை' என்னும். குருதி பொய் சொல்வதில்லை. நாம் கேளாத கேள்விக்கும் அது விடை தந்ததாக நாமே எண்ணிக்கொள்கிறோம்.

சோதனையைப் பழிப்பது நம் நோக்கமன்று. அந்நோயாற் குழந்தைகள் மடிகின்றனர்; அறிகுறியே இல்லாத நாயும் நோயைத் தாங்கி நிற்கும். அவற்றைக் கண்டறியச் சோதனை வேண்டும். ஆயின், 2016இல் அங்கு நாய்களுக்கென ஒரு மருந்து அனுமதிக்கப்பட்டது. விலை கொடுக்க வல்லவனின் நாய் பிழைக்கிறது. ஏழையின் நாய்க்கு அந்த வழி இல்லை. சான்று ஒன்று, தீர்ப்போ இரண்டு! இதனை விஞ்ஞானத்தின் தீர்ப்பு என்று எவ்வாறு கூறுவது?

மலையகத்தாராகிய நாம் இதனை எளிதில் உணர்வோம். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், முன்னோர் இங்குப் பிறந்தமைக்குச் சான்று கேட்டது. தேயிலைக்கு உரமாய்ப் போன பாட்டனிடம் பத்திரம் ஏது? பத்திரம் இல்லையெனவே, மக்களும் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு வழிசெய்யும் சட்டம் 2003இலேயே வந்தது. நாயையும் மனிதரையும் நாம் ஒப்பிடவில்லை. சான்றின் எல்லையை அறியாது தீர்ப்பெழுதும் கையையே சுட்டுகிறோம்.

மறுநாள் அம்மாணவியிடம் சொன்னோம்: "இரத்தம் பொய் சொல்லாது, பிள்ளை. அதனிடம் என்ன கேட்டார்கள், யார் கேட்டார்கள் என்று நீ கேள்."